காலனியும் கார்டனும்

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் அசலூருக்குப் போனால் பேரைக் கேட்ட கையோடு ‘எந்தத் தெரு?’ என்று கேட்பார்கள். ‘காலனி’ என்று சொன்னால் போதும், அடுத்த கேள்வி வராது. ‘வாங்க’ என்பது ‘வா’ ஆகும், டம்ளர் மாறும். சாதியை வாயால் சொல்லாமலே சொல்லிவிடுகிற சொல் அது. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். நல்ல காரியம். ஆனால் நகரத்தில் வங்கி ஊழியர் காலனி, ஆசிரியர் காலனி என்று அதே சொல்லைப் பெருமையாகப் பலகையில் எழுதி வைத்திருக்கிறார்கள். வசை சொல்லில் இல்லை. யார் குடியிருக்கிறார்கள் என்பதில் இருக்கிறது.

இந்தக் கண்ணோடுதான் சென்னையின் போயஸ் தோட்டத்தைப் பார்க்க வேண்டும். கதீட்ரல் சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் சில தெருக்கள், அவ்வளவுதான். ஒரு வெள்ளைக்காரர் பெயர் ஒட்டிக்கொண்ட இடம். 1967இல் ஜெயலலிதாவின் தாயார் சந்தியா அங்கே வாங்கிய வீடு பின்னாளில் ஆட்சிக்கே இன்னொரு பெயராயிற்று. ‘கார்டன்’ என்றால் கோட்டைக்கும் மேலே என்று ஊருக்கே தெரியும். சேரி ஒதுக்கப்பட்ட இடம். கார்டன் தானாக ஒதுங்கிக்கொண்ட இடம். முதலாவதைச் சாதியின் இடமென்று எழுதுகிற நம் எழுத்தாளர்கள் இரண்டாவதை ‘வசதியான ஏரியா’ என்று எழுதுகிறார்கள். அங்கே சாதி இல்லையாம், வெறும் காசுதானாம்!

2024 ஜூலையில் ‘ராயன்’ பட விழா மேடையில் நடிகர் தனுஷ் இந்தத் தோட்டத்தைப் பற்றிப் பேசினார். அங்கே வீடு கட்டியது இவ்வளவு பெரிய பேச்சாகும் என்று தெரிந்திருந்தால் சின்னதாக ஒரு அபார்ட்மெண்ட் வாங்கியிருப்பேன், தெருவில் இருந்தவன் தெருவிலேயேதான் இருக்கணுமா என்ற பொருளில் கேட்டார். கைதட்டல் எழுந்தது. கேள்வி நியாயமானது. ‘இவனுக்கெல்லாம் அங்க வீடா’ என்ற முணுமுணுப்பில் இருப்பது பழைய அக்கிரகாரத்து வாடைதான். அதோடு நமக்கு உடன்பாடு இல்லை.

ஆனால் கேட்டவர் ‘அசுரன்’ (2019) சிவசாமியாகவும் ‘கர்ணன்’ (2021) ஆகவும் நடித்தவர். முதல் படத்தில் பிரச்சினை, 1892இல் வெள்ளை அரசு நமக்கென்று ஒதுக்கி, பிறகு நம் கையை விட்டுப்போன பஞ்சமி நிலம். இரண்டாவதில் பேருந்து நிற்காத ஊர். இரண்டிலும் கேட்பது ஒரு ஊர்சனம். மேடையிலோ ஒருவர் தனக்காகக் கேட்கிறார். ஒருவர் உள்ளே போவதும் கதவு திறப்பதும் ஒன்றல்ல.

அதே தோட்டத்தில் குடியிருக்கும் ரஜினிகாந்த் ‘காலா’வில் தாராவி மண்ணுக்காக நின்றார். படம் வந்தது 2018 ஜூன் 7. அதற்கு ஒரு வாரம் முன்பு, மே 30இல், 13 பேர் சுட்டுக் கொல்லப்பட்ட தூத்துக்குடிக்குப் போய், போராட்டத்தில் சமூக விரோதிகள் புகுந்ததுதான் காரணம் என்று சொன்னவரும் அவர்தான்.

நடிகர்களின் சொந்த வாழ்க்கையை நோண்டுவது நம் வேலையல்ல. நம் விமர்சகர்களைத்தான் கேட்கிறோம். இந்தப் படங்களில் அம்பேத்கர் படம் எத்தனை இடத்தில் வருகிறது, நீலம் எங்கே, கறுப்பு எங்கே என்று எண்ணிக் கட்டுரை எழுதினோம். பறிபோன நிலமும் உழைப்பும் கடைசியில் எந்தத் தெருவில் போய்ச் சேர்ந்தன என்று தேடிப் போனோமா?

தேடினால் வழி அரியலூரிலிருந்தே தொடங்கும். இங்கே 1979இல் அரசு சிமெண்ட் ஆலை வந்தது. தனியார் ஆலைகளும் வரிசையாக வந்தன. சுண்ணாம்புக்கல் எடுத்த குழி இங்கே கிடக்கிறது, சுவர் நகரத்தில் எழும்புகிறது. பெரம்பலூரில் ராத்திரி பஸ் ஏறிச் சென்னைக்குப் போகிற கொத்தனாரும் சித்தாளும் சொல்வது இதுதான்: “கட்டி முடிக்கிற மட்டும் சாமி ரூம் வரைக்கும் போவோம். பால் காச்சிட்டா அப்பறம் கேட்டுலயே நிறுத்திப்புடுவான்.” இதை வெறும் வர்க்கம் என்று எப்படிச் சொல்வது?

தெருவிலேயேதான் இருக்கணுமா என்ற கேள்வியை அரியலூர் மாவட்டம் குழுமூர் அனிதாவும் கேட்டார். பன்னிரண்டாம் வகுப்பில் 1200க்கு 1176 மதிப்பெண். நீட் தேர்வை எதிர்த்து உச்சநீதிமன்றம் வரைக்கும் போனார். கதவு திறக்கவில்லை. 2017 செப்டம்பர் 1 அன்று உயிரை விட்டார். கைதட்டல் வாங்கிய கேள்வியையும் உயிரை வாங்கிய கேள்வியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பதுதான் தலித் விமர்சனம்.

சேரியை எழுதியது போதும் என்று நாம் சொல்லவில்லை. கார்டனையும் சாதித் தெருவாக எழுதச் சொல்கிறோம். அங்கே வேலைக்காரம்மாவுக்கு எந்த டம்ளர், எந்த வாசல்? வாடகைக்கு வீடு கேட்டுப் போனால் எதையெல்லாம் விசாரிக்கிறார்கள்? இந்த விவரமெல்லாம் நம் மாவட்டங்களிலிருந்து போய்ச் சமைத்தவர்களுக்கும் காவல் நின்றவர்களுக்கும் சாரம் கட்டியவர்களுக்கும் தெரியும். அவர்கள் பிள்ளைகள் இன்று கல்லூரியில் படிக்கிறார்கள். ஆத்தா அப்பனிடம் கேட்டு எழுதட்டும்.