தண்டம் எதற்கு, யாருக்கு?

2021 ஏப்ரலில் யாழ்ப்பாண மாநகர சபை ஐந்து பேர் கொண்ட காவல் அணியொன்றை வீதியில் இறக்கியது. தெருவில் குப்பை போடுவோரையும் வெற்றிலை துப்புவோரையும் பிடித்துத் தண்டப்பணம் அறவிடுவது அவர்களுக்கு இடப்பட்ட வேலை. அவர்கள் உடுத்திருந்த நீலச் சீருடை விடுதலைப் புலிகளின் காவல்துறைச் சீருடையை ஒத்திருக்கிறது என்ற குற்றச்சாட்டின் பேரில், அந்த மாதம் 9ஆம் திகதி அதிகாலை மாநகர முதல்வர் வி. மணிவண்ணன் பயங்கரவாத விசாரணைப் பிரிவினரால் கைதுசெய்யப்பட்டார். கொழும்பு மாநகர சபைப் பணியாளரின் உடையைப் பார்த்தே அது தைக்கப்பட்டது என்று சபைத் தரப்பு விளக்கியது. நீதவான் அவருக்குப் பிணை வழங்கினார். குப்பை போடும் விவகாரத்துக்குள் பயங்கரவாத விசாரணையைக் கொண்டுவந்தது அப்பட்டமான அநீதி. அதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை. ஆனால் அந்தக் கைது கிளப்பிய நியாயமான கோபத்துக்குள் வேறொரு கேள்வி அமுங்கிப்போனது. பொது இடத்தில் மனிதர் நடந்துகொள்ளும் முறையைத் திருத்தும் வேலை உள்ளூராட்சி சபைக்கு உரியதா? உரியதென்றால் அதை எப்படிச் செய்ய வேண்டும்?

உரியதுதான் என்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. 1947ஆம் ஆண்டின் மாநகர சபைகள் கட்டளைச் சட்டமும் 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டமும் உபவிதிகளை ஆக்கும் அதிகாரத்தைச் சபைகளுக்குத் தந்திருக்கின்றன. வீதியோரம், சந்தை, வடிகால், தெருவிளக்கு, பூங்கா எல்லாம் சபையின் பராமரிப்பில் உள்ளவை. எச்சில் துப்பியவரையும் வடிகாலுக்குள் பொலித்தீன் பையை எறிந்தவரையும் விசாரிக்கப் பொலிஸ் வருவது அளவுக்கு மிஞ்சிய காரியம். தமிழ் பேசும் உத்தியோகத்தர் போதாத பொலிஸ் நிலையம் என்றால் சிறு தகராறும் பெரிதாகிவிடும். ஊர்க்காரரே ஊர்க்காரரிடம், ஊர்மொழியில், சிறையை அல்லாமல் தண்டப்பணத்தைக் காட்டிக் கண்டிப்பது அதைவிட மென்மையானது. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எறியப்படும் ஒவ்வொரு பையையும் இன்னொருவர் குனிந்து எடுக்கிறார். யாழ்ப்பாணத்தில் அந்த வேலை எந்தச் சமூகங்களின் தலையில் தலைமுறை தலைமுறையாகச் சுமத்தப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆகவே வீதியில் குப்பை எறிவதை ஏதோ ஒரு சின்னக் கவனக்குறைவென்று தள்ளிவிட முடியாது. நம் அழுக்கை எடுக்க ஆள் இருக்கிறது என்ற பழைய நினைப்பும் அதற்குள் இருக்கிறது. அதைத் தட்டிக்கேட்கும் சபை சரியான வேலையையே செய்கிறது.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் தொடங்குகிறது. குப்பை, துப்பல் என்று செயல்களைச் சொல்லித் தொடங்கும் நடவடிக்கை, சீக்கிரமே 'சமூகவிரோதிகளைக் கட்டுப்படுத்தல்' என்று ஆட்களைச் சொல்லத் தொடங்கிவிடும். யாழ்ப்பாணக் குடாநாட்டில் அந்தச் சொல்லுக்கு இரத்தக்கறை உண்டு. 1980களில் ஆயுத இயக்கங்கள் 'சமூகவிரோதி' என்று எழுதிய அட்டையோடு மனிதர்களை மின்கம்பத்தில் கட்டிச் சுட்டன. விசாரணை இல்லை, மேன்முறையீடு இல்லை. திருட்டுக் குற்றச்சாட்டுக்கும் தனிப்பட்ட பகைக்கும் இடையே கோடு கிழிக்க ஆளும் இல்லை. இன்றைய சபைகளை அதோடு ஒப்பிடுவது நியாயமாகாது. ஆனால் ஆளுக்கு முத்திரை குத்தும் அதே பழக்கம் இன்று 'கலாசாரச் சீரழிவு' என்ற பெயரில் கடற்கரையில் பேசிக்கொண்டிருக்கும் சோடியையும், மதகில் குந்தியிருக்கும் பெடியங்களையும், பெண்பிள்ளையின் உடுப்பையும் தேடி வருகிறது. பிரித்தானியாவின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1998ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அங்கே கொண்டுவரப்பட்ட சமூகவிரோத நடத்தைத் தடையாணைகள் எது குற்றம் என்பதைத் தெளிவாக வரையறுக்காமல், தொந்தரவு தருகிறார் என்று சொல்லப்பட்ட ஆளைக் கட்டிப்போட்டன. பாதிக்கும் மேற்பட்ட ஆணைகள் மீறப்பட்டன. மீறியவர்கள் சிறைவரை போனார்கள். 2014ஆம் ஆண்டுச் சட்டத்தோடு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் அந்த முறையே கைவிடப்பட்டது. எனவே நம் சபைகளின் உபவிதி எதைச் செய்யக்கூடாது என்பதை ஒவ்வொன்றாக எழுத வேண்டும். 'ஒழுங்கீனமாக நடத்தல்', 'அநாகரிகமாக நடத்தல்' போன்ற அகன்ற சொற்களுக்கு அதில் இடம் இருக்கக்கூடாது.

தண்டிக்கும் சபையின் கை சுத்தமாக இருக்கிறதா என்பதும் கேட்க வேண்டிய கேள்வி. மாநகரத்தில் சேரும் கழிவு, மாநகர எல்லைக்கு வெளியே கல்லுண்டாயில் கொண்டுபோய்க் கொட்டப்படுகிறது. அங்கே குப்பைமேடு தீப்பிடித்துப் புகை பரவுவதும், அயலிலுள்ள மக்கள் வீதிக்கு வந்து எதிர்ப்புக் காட்டுவதும் பல ஆண்டுகளாக நடக்கின்றன. ஒரு பையை வீதியோரம் போட்டவருக்குத் தண்டம். பாரவூர்தி பாரவூர்தியாக அயல் ஊரின் வாசலில் கொட்டுகிற நிறுவனத்துக்கு என்ன? இதற்குப் பதில் இல்லாதவரை தண்டச்சீட்டைச் சனம் மனதார ஏற்காது. கழிவுத்தொட்டி இல்லாத சந்தியிலும், கழிப்பறை பூட்டியிருக்கும் பேருந்து நிலையத்திலும் தண்டம் முதலில் யார் மேல் விழும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். கார்க்காரர் கண்ணாடியை இறக்கி எறிந்துவிட்டுப் போய்விடுவார். அகப்படுவது நடைபாதை வியாபாரியும் கூலிக்கு வந்தவரும்தான்.

பயம் இல்லாவிட்டால் நம் சனம் திருந்தாது, சிங்கப்பூரைப் பாருங்கள் என்று பலர் சொல்வார்கள். சிங்கப்பூர் 1968இல் துப்புரவு இயக்கத்தைத் தொடங்கியபோது தண்டத்தை மட்டும் நம்பவில்லை. தொட்டி வைத்தது, தெருவைக் கூட்டியது, பள்ளிக்கூடங்களையும் சேர்த்துக்கொண்டது. அந்தப் பாதியை விட்டுவிட்டு மற்றப் பாதியை மட்டும் நாம் எடுத்துக்கொள்ள முடியாது. வாள்வெட்டுக் குழுக்கள் திரியும் ஊரில் துப்பலைப் பற்றி என்ன பேச்சு என்பது இன்னொரு மறுப்பு. வாள்வெட்டு பொலிஸாருக்கும் நீதிமன்றத்துக்கும் உரிய விடயம்; சபைக் காவலர் அதில் கைவைத்தால் ஆபத்து அவருக்கும் ஊருக்கும்தான். சபை செய்யக்கூடியது வேறு: ஒழுங்கை முகப்பில் விளக்கு எரிய வைப்பது, விளையாட்டிடத்தைப் புல் மூடாமல் பார்ப்பது, தன்னிடம் பதிந்துள்ள சனசமூக நிலையங்களின் வாசிகசாலைகளை மாலையில் திறந்து வைத்திருப்பது. இவற்றுக்குச் சீருடை தேவையில்லை.

யார் கண்காணிப்பில் இது நடக்கும் என்பதே எனக்கு மிகவும் கவலை தரும் விடயம். 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்தது. 2025 மே 6 தேர்தல் வரை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் செயலாளர்களும் ஆணையாளர்களுமே நிர்வாகம் நடத்தினர். வட மாகாண சபையின் காலமோ 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதன்பின் தேர்தல் நடக்கவே இல்லை. தண்டச்சீட்டு அநியாயமென்று முறையிட ஓர் உறுப்பினர்கூட இல்லாத காலத்தில் தண்டிக்கும் அதிகாரம் மட்டும் நிற்பது நல்லதல்ல. இப்போது யாழ்ப்பாண மாவட்டத்தின் பதினேழு சபைகளிலும் தெரிவான உறுப்பினர்கள் இருக்கிறார்கள். எந்தச் செயலுக்கு எவ்வளவு தண்டம், யார் எழுதலாம், எங்கே முறையிடலாம் என்பதைத் தமிழில் அச்சிட்டு ஒவ்வொரு சந்தையிலும் ஒட்டுங்கள். எத்தனை சீட்டு எழுதப்பட்டது, அறவிட்ட பணம் எதற்குச் செலவானது என்பதை மாதந்தோறும் சபையில் வாசியுங்கள். கல்லுண்டாய் மேட்டுக்கு என்ன முடிவு என்பதையும் அதே அமர்வில் சொல்லுங்கள்.