சரக்கு யார் தலையில்?

2025 ஜூலையில் இரண்டு அயல்நாட்டு மின்கார் நிறுவனங்கள் இந்தியாவில் கடை விரித்தன. டெஸ்லா, மும்பை பாந்த்ரா குர்லா வளாகத்தில் சொந்தக் கடையைத் திறந்தது. நடுவில் டீலர் கிடையாது. இணையதளத்தில் போட்டதுதான் விலை. தூத்துக்குடியில் ஆலை கட்டிய வியட்நாமின் வின்ஃபாஸ்ட், சூரத்தில் ஒரு டீலர் வழியாகத் தன் முதல் ஷோரூமைத் திறந்தது. இதே வின்ஃபாஸ்ட், அமெரிக்காவுக்குப் போனபோது டெஸ்லா பாணியில் நேரடி விற்பனையில் இறங்கிவிட்டு, 2023-இல் டீலர்களைத் தேடிப் போன நிறுவனம். டீலர் முறைக்கு நாள் குறித்துவிட்டவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

டீலர் முறையின் பெரிய கோளாறு அதன் கணக்கு வழக்கில் இருக்கிறது. ஆலையிலிருந்து லாரியில் ஏறும்போதே கார் டீலர் பெயரில் பில் ஆகிவிடுகிறது. அந்தப் பணத்தை அவர் பெரும்பாலும் வங்கிக் கடனில்தான் கட்டுகிறார். அன்றைக்கே வட்டி ஓடத் தொடங்கிவிடும். மாதம் பிறந்ததும் கார் கம்பெனிகள் அறிவிக்கும் ‘விற்பனை’ பெரும்பாலும் இப்படி டீலருக்கு அனுப்பிய வண்டிகளின் எண்ணிக்கை. சாலைக்கு வந்தவை எத்தனை என்பது வேறு கணக்கு. அதை வாகனப் பதிவுகளை வைத்து டீலர்கள் கூட்டமைப்பான ஃபாடா தனியாக வெளியிடுகிறது. இரண்டுக்கும் இடையில் விடுபட்ட வண்டிகள் டீலரின் யார்டில் வெயில் காய்கின்றன. 2024 செப்டம்பரில் 80 முதல் 85 நாள் விற்பனைக்கான கார்கள், ஏறத்தாழ 79,000 கோடி ரூபாய்ப் பெறுமானத்துக்கு, இப்படித் தேங்கிக் கிடப்பதாக ஃபாடா சொன்னது. 21 நாள் சரக்கு போதும் என்பது அந்த அமைப்பின் நெடுநாள் கோரிக்கை.

அந்த வட்டி கடைசியில் வந்து விடிவது வாங்குபவர் தலையில். புதுக் காரில் டீலருக்கு மிஞ்சும் லாபம் சொற்பம். அதனால் இன்ஷூரன்ஸ், கடன், ஆக்சஸரீஸ், சர்வீஸ் என்று பக்க வருமானம் தேட வேண்டியிருக்கிறது. ஷோரூமில் தரும் கொட்டேஷன் தாளை மேலிருந்து கீழ்வரை படித்தாலே விளங்கிவிடும்: எக்ஸ்-ஷோரூம் விலை, சாலை வரி, இன்ஷூரன்ஸ், ஃபாஸ்டேக், கூடுதல் வாரண்டி, ஆக்சஸரீஸ் கிட், சில இடங்களில் ஹேண்ட்லிங் சார்ஜ். “இன்ஷூரன்ஸை வெளியே போட்டுக்கிறேன்” என்று வாயைத் திறந்தால் போதும், “அப்படின்னா அந்த டிஸ்கவுன்ட் வராது சார்” என்று பதில் வரும். எங்கே பாலிசி எடுப்பது என்பது வாங்குபவரின் உரிமை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2017 வழிகாட்டுதல்களும் டீலர் வற்புறுத்தக் கூடாது என்றே சொல்கின்றன. மாதக் கடைசியில் டார்கெட் கழுத்தைப் பிடிக்கும்போது எந்த விற்பனையாளர் அதையெல்லாம் நினைத்துப் பார்க்கப் போகிறார்?

இத்தனைக்கும், தன் கையிலிருந்து தள்ளுபடி தருவதற்குக்கூட டீலருக்கு முழுச் சுதந்திரம் இருந்ததில்லை. அனுமதித்த அளவுக்கு மேல் தள்ளுபடி தருபவர்களைப் பிடிக்க, வாடிக்கையாளர் போல ஆட்களை அனுப்பி வேவு பார்த்து, சிக்கிய டீலர்களுக்கு அபராதம் போட்டதாக மாருதி சுஸுகி மீது இந்தியப் போட்டி ஆணையம் 2021 ஆகஸ்டில் 200 கோடி ரூபாய் தண்டம் விதித்தது. நிறுவனம் மேல்முறையீட்டுக்குப் போனது.

சரக்கு டீலர் தலையில் என்ற இந்தக் கணக்கை 2021 அக்டோபரில் மெர்சிடிஸ்-பென்ஸ் இந்தியா திருப்பிப் போட்டது. கார் விற்கும்வரை கம்பெனியின் சரக்கு, பில்லும் கம்பெனியுடையது, நாடு முழுக்க ஒரே விலை. டீலர் காரைக் காட்டுவார், ஓட்டிப் பார்க்க வைப்பார், டெலிவரி தருவார், கமிஷன் வாங்கிக்கொள்வார். பேரம் பேசத் தெரியாதவருக்கு இது வரம், தெரிந்தவருக்கு நஷ்டம். டீலருக்கு வட்டித் தொல்லை ஒழிகிறது, கூடவே முதலாளி என்ற தகுதியும் தேய்கிறது. ஆஸ்திரேலியாவில் மெர்சிடிஸ் இதையே கொண்டுவந்தபோது, தாங்கள் வளர்த்த வாடிக்கையாளர் வட்டத்தைக் கம்பெனி பறித்துக்கொண்டது என்று 38 டீலர்கள் 65 கோடி ஆஸ்திரேலிய டாலர் கேட்டு வழக்குப் போட்டார்கள். 2023 ஆகஸ்டில் தோற்றார்கள். தவிர, இந்தியாவில் ஆண்டுக்கு 20,000 காருக்குள் விற்கும் கம்பெனி சரக்கைத் தானே சுமப்பது எளிது. லட்சக்கணக்கில் விற்பவர்கள் அந்தச் சுமையை விரும்பி ஏற்பார்கள் என்று நம்ப முடியாது.

சரி, டீலரே வேண்டாம் என்றால் என்ன ஆகும்? இரு சக்கர வாகனத்தில் அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. ஓலா எலெக்ட்ரிக் ஆரம்பத்திலிருந்தே டீலர்களை ஒதுக்கி, இணையத்திலும் சொந்தக் கடைகளிலும் விற்றது. ஸ்கூட்டர் குவிந்த வேகத்துக்குப் பழுதுபார்க்கும் வசதி ஈடு கொடுக்கவில்லை. தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்கு 10,000-க்கு மேல் புகார்கள் வந்தபிறகு, 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. பெரும்பாலானவற்றைத் தீர்த்துவிட்டதாக நிறுவனம் பதில் சொன்னது. விற்பதற்கு ஓர் இணையதளம் போதும். லிஃப்ட், ஸ்பேர் பார்ட்ஸ் கிடங்கு, டிங்கரிங் பெயின்டிங் ஆட்கள், வண்டி நின்றுவிட்டால் போனை எடுக்கும் சர்வீஸ் அட்வைசர் இவையெல்லாம் ஊருக்கு ஊர் வேண்டும். டீலர் தன் முதலைப் போட்டு உருவாக்கி வைத்திருப்பது இவற்றைத்தான்.

அந்த முதலுக்குத்தான் பாதுகாப்பில்லை. 2017-இல் செவர்லே கார் விற்பனையை ஜெனரல் மோட்டார்ஸ் நிறுத்தியது. 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பைக் கைவிடுவதாக ஃபோர்டு அறிவித்தபோது, அதன் 170 டீலர்கள் சுமார் 2,000 கோடி ரூபாய் முதலீட்டோடு நடுத்தெருவில் நிற்பதாக ஃபாடா முறையிட்டது. இப்படிப்பட்டவர்களைக் காக்க ஒரு சட்டம் வேண்டும் என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2020-லேயே பரிந்துரைத்திருந்தது. சட்டம் வரவில்லை.

அமெரிக்க மாநிலங்களில் அப்படிப்பட்ட சட்டங்கள் உண்டு. அவற்றை அப்படியே நகலெடுப்பதும் ஆபத்து. டெஸ்லாவின் தலைமையகமும் பெரிய ஆலையும் இருக்கும் டெக்சாஸிலேயே அந்நிறுவனம் தன் காரை மக்களுக்கு நேரடியாக விற்க முடியாதபடி டீலர் சட்டம் தடுக்கிறது. இந்தியாவுக்கு வேண்டியது வெளியேறும் கம்பெனி சரக்கையும் பாகங்களையும் திரும்ப எடுத்துக்கொண்டு இழப்பீடு தர வேண்டும் என்ற பகுதி மட்டும். விற்கும் உரிமை டீலருக்கே என்ற பகுதியை விட்டுவிடலாம்.

ஃபோர்டு மீண்டும் தன் பழைய மறைமலைநகர் ஆலைக்கு வருகிறது. 2025 அக்டோபரில் தமிழக அரசுடன் 3,250 கோடி ரூபாய்க்கு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அங்கே தயாராகப் போவது ஏற்றுமதிக்கான என்ஜின்கள்; அதற்கு ஊருக்குள் டீலர் தேவையில்லை.