எஷு எப்படி சாத்தான் ஆனார்?

ஜே.டி.ஒய். பீல் எழுதி 2000-ல் வந்த ‘ரிலிஜியஸ் என்கவுன்ட்டர் அண்ட் த மேக்கிங் ஆஃப் த யொருபா’ முக்கியமான புத்தகம். 19-ம் நூற்றாண்டு மிஷன் ஊழியர்களின் நாட்குறிப்புகள்தான் அதன் அடிப்படை. அவர்களில் பலர் யொருபாக்களே. புத்தகத்தின் பலம் அது. சிக்கலும் அதுதான்: குறி சொல்லும் பபலாவோ பேசியது, எதிர்த்தரப்பு எழுதிவெச்சதா மட்டுமே நமக்கு வருது.

அந்தப் பேனா என்ன செய்யும்னு ஒரு உதாரணம். இஃபா குறியில் 256 ஒடுக்கள், ஒவ்வொன்றுக்கும் பல செய்யுள்கள். குறியில் பரிகாரம் வந்தால், அந்தப் படையலைத் தெய்வங்களிடம் சேர்ப்பவர் எஷு. குறும்புக்காரர்தான், ஆனா கடவுளுக்கு எதிரி இல்லை. சாமுவேல் அஜாயி கிரௌதர் முன்னின்று செய்து, 1884-ல் முழுமையான யொருபா பைபிளில் சாத்தானுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். ஆசாரியருக்கோ ‘அலுஃபா’ என்று முஸ்லிம் மதகுருவைக் குறித்த சொல். பபலாவோவுக்கு அங்கே இடமில்லை.

மொழி தெரியாத வெள்ளைக்காரர் செஞ்ச தப்புன்னு இதைத் தள்ளிவிட முடியாது. கிரௌதரும் யொருபாதான். ஒரு சொல் மாறினதும், எஷுவுக்குப் படையல் வைக்கிறவங்க எல்லாரும் சாத்தானைக் கும்பிடுறவங்க ஆகிட்டாங்க.

பீலை அவசியம் படிங்க. ஆனா ‘பிசாசு’ என்று வரும் இடத்தில் கொஞ்சம் நில்லுங்க. அது பபலாவோ சொன்ன சொல்லா, எழுதினவர் போட்ட சொல்லா?