சராசரியில் தொலைந்த திசை

'வடகொரியா சீனாவைப் போல' என்பார்கள். 'சீனா வடகொரியாவைப் போல' என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கோமா? 1977இல் ஆமோஸ் ட்வெர்ஸ்கி சோதித்துக் காட்டியது இதைத்தான்: ஒப்புமைக்குத் திசை உண்டு. உவமானம் உயர்ந்ததாயிருக்க வேண்டும் என்று தொல்காப்பிய உவமவியல் எப்போதோ சொல்லிவிட்ட சங்கதி.

ஆனால் 1960களில் ஷெப்பர்டும் க்ரஸ்கலும் வளர்த்தெடுத்த பல்பரிமாண அளவிடலில் இதற்கு இடமில்லை. அது பொருள்களைப் புள்ளிகளாக்கி வரைபடத்தில் வைக்கிறது. போகிற தூரமே திரும்பி வருகிற தூரமும். தரவு முரண்டு பிடித்தால்? இரண்டு எண்ணையும் கூட்டி இரண்டால் வகு, பிசிறு என்று பெயர் வை. முடிஞ்சுது. 36 மோர்ஸ் குறிகளில் எதை எதுவாகக் கேட்டுக் குழம்பினார்கள் என்று ராத்காப்ஃப் 1957இல் வெளியிட்ட அட்டவணைக்கும் ஷெப்பர்ட் கையில் இதே கதிதான்.

ஜான் கோவர் 1977இல் அணியைச் சமச்சீர், எதிர் சமச்சீர் என இரண்டாகப் பிரித்தார். இரண்டாவதன் படத்தில் தூரத்தைப் பார்க்கக் கூடாது. இரு புள்ளிகளும் ஆதிப்புள்ளியும் சேர்ந்த முக்கோணத்தின் பரப்பே ஏற்றத்தாழ்வின் அளவு. சுற்றும் திசை, எது எதன் பக்கம் சாய்கிறது என்பதைச் சொல்லும். அழகான வேலை, மறுக்கவில்லை. ஆனாலும் இங்கேயும் சமச்சீருக்குத்தான் வீடு, திசைக்குத் திண்ணை. இரண்டு படத்தையும் ஒன்றாய் வாசிப்பது நம் தலையில் விழுகிறது.

இன்னொன்று. ட்வெர்ஸ்கிக்குப் பதில் சொன்னவர்களுக்குச் சீனா அளவுகோல். அதே கேள்வியைப் பியாங்யாங்கில் கேட்டிருந்தால்? கேட்கப்பட்டவர் யாரென்பது அணியின் எந்தக் கட்டத்திலும் இல்லை.