எனக்குப் பிடித்த செயலிகள் – ஒரு திருத்தக் குறிப்போடு

‘எனக்குப் பிடித்த பத்து ஆப்ஸ்’ மாதிரியான கட்டுரைகளை நான் விடாமல் படிக்கிறவன். இருபது வருஷமாக மென்பொருள் எழுதிப் பிழைக்கிறவனுக்கு இது ஒரு பலவீனம். புதுசாக ஒரு குறிப்புச் செயலி வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டால் அன்றைக்கு ராத்திரியே இறக்கிப் பார்த்தால்தான் தூக்கம் வரும். நானே அப்படி ஒரு பட்டியலை முன்பு இங்கே எழுதியிருக்கிறேன். இப்போது எடுத்துப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. சீக்கிரம் திறக்கிறது, பார்க்க அழகு, டார்க் மோட் உண்டு, இலவசம். அவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். தமிழில் போட்டு வைத்ததைத் தமிழில் தேடினால் கிடைக்குமா என்று ஒரு வரி இல்லை. நான் படித்த மற்ற பட்டியல்களிலும் அந்த வரியைப் பார்த்ததில்லை.

அந்த ஒரு வரியை யோசிக்காததால் நான் ஒரு தப்பு செய்தேன். அதைச் சொல்லிவிட்டுச் செயலிகளுக்கு வருகிறேன்.

ஏரிப் பாசனம், நில அளவை சம்பந்தமான சொற்களைக் கல்வெட்டுத் தொகுதிகளிலிருந்து பொறுக்கிச் சேர்ப்பது என்னுடைய ஞாயிற்றுக்கிழமை வேலை என்பது இங்கே வழக்கமாக வருகிறவர்களுக்குத் தெரியும். மடை, மதகு, குமிழித்தூம்பு, கலிங்கு, குழி, மா, வேலி என்று அது வளர்ந்துகொண்டே போகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் நிலம் அளக்கும் கோல்களைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினேன். 16 சாண் கோல் என்று கல்வெட்டுகளில் வருமே, அந்தக் கோல். நான் சேர்த்து வைத்ததில் 3 இடங்களில்தான் கோலைப் பற்றிய பேச்சு வருகிறது, ஆகவே நான் பார்க்கும் வட்டாரத்தில் கோலைக் குறிப்பிட்டு எழுதும் வழக்கம் குறைவு என்று ஒரு முடிவும் கட்டிவிட்டேன். ஒரு மாதம் கழித்து ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் எழுதினார். “தம்பி, நீங்க சொல்ற அதே தொகுதியைத்தான் நானும் வெச்சிருக்கேன். சும்மா புரட்டினாலே ஏழெட்டு இடம் கண்ணுல படுது. நீங்க எப்படித் தேடினீங்க?”

எப்படித் தேடினேன்? போனில் குறிப்புச் செயலியைத் திறந்து, தேடல் கட்டத்தில் ‘கோல்’ என்று அடித்தேன். 3 வந்தது. எழுதிவிட்டேன்.

மறுபடி உட்கார்ந்து ஒவ்வொரு குறிப்பாகக் கண்ணால் பார்த்தபோது 22 இடங்கள் இருந்தன. அந்த 3 மட்டும் நான் கையால் தட்டச்சு செய்தவை. மீதி 19ம் எழுத்துணரி வழியாக வந்தவை, அல்லது பிடிஎஃப்பிலிருந்து காப்பி செய்து ஒட்டியவை.

காரணம் இதுதான். ‘கோல்’ என்று எழுதும்போது ககரத்துக்கு இரண்டு பக்கமும் குறி வருகிறது, இடப்பக்கம் ே, வலப்பக்கம் ா. யுனிகோடில் இதை ோ என்று ஒரே குறியாகவும் வைக்கலாம், ே, ா என்று இரண்டு குறிகளாகவும் வைக்கலாம். கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. யுனிகோட் தரமும் இரண்டையும் சமமாகத்தான் கொள்ளச் சொல்கிறது. ஆனால் பைத்தானிடம் இந்த இரண்டு ‘கோ’வையும் கொடுத்து சமமா என்று கேட்டால் இல்லை என்று சொல்லும். ஒன்றின் நீளம் 2, இன்னொன்றின் நீளம் 3. இரண்டையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர நார்மலைசேஷன் என்று ஒரு படி இருக்கிறது; நிரலில் ஒரே வரி. தேடுவதற்கு முன்னால் அந்த ஒரு வரியைச் செய்யாத செயலியில் ‘கோல்’ இரண்டாகப் பிரிந்து போகிறது. ொ, ௌ குறிகளுக்கும் இதே கதைதான். கொடை, தொட்டி, சோழன் எல்லாம் இந்த வலையில் விழும் சொற்கள். சோழனைத் தேடிக் கிடைக்காத ஒரு கல்வெட்டுக் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய?

இன்னொரு வகை இதைவிட மோசம். பிடிஎஃப் என்பது அடிப்படையில் எந்த உருவத்தை எந்த இடத்தில் வரைய வேண்டும் என்ற கணக்கு. கோப்பை உருவாக்கியவர் அந்த உருவங்களுக்கும் எழுத்துகளுக்குமான தொடர்பைச் சரியாக வைக்காவிட்டால், காப்பி செய்யும்போது எழுத்துகள் வரைந்த வரிசையிலேயே வந்து விழும். முதலில் ே, அப்புறம் க, அப்புறம் ா. கிடைப்பது ‘ேகால்’. இதை நார்மலைசேஷனாலும் திருத்த முடியாது. கண்டுபிடிக்க மட்டும் ஒரு சுலபமான வழி உண்டு. தமிழில் எந்தச் சொல்லும் ெ, ே, ை குறியில் தொடங்காது. அப்படித் தொடங்கும் சொல் ஒரு கோப்பில் இருந்தால் அந்தக் கோப்பு கெட்டது. பிறகு அந்தக் கோப்பு முழுவதிலும் குறியையும் அடுத்த மெய்யையும் இடம் மாற்றி, அதன் பிறகு நார்மலைஸ் செய்ய வேண்டும். அவசரப்பட்டு இதையே நல்ல கோப்பில் ஓட்டிவிடாதீர்கள். ‘கெடு’ என்பது ‘கடெு’ ஆகிவிடும். நான் ஓட்டியிருக்கிறேன்.

யுனிகோடைத் திட்டுவது நம்மிடையே பழைய பொழுதுபோக்கு. டேஸ்16 பரவியிருந்தால் இந்தத் தொல்லையே இல்லை என்று சிலர் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் இருக்கிற தரம் கேட்கும் ஒரு வரியை எழுதாதவர், புதுத் தரம் வந்தால் மட்டும் ஒழுங்காக எழுதிவிடுவாரா? இது குறியீட்டின் குறை என்பதைவிட, சோதனை செய்கிறவர் மேஜையில் தமிழ் இல்லாததின் குறை என்றே நினைக்கிறேன். நானும் அந்தத் தொழிலில்தான் இருக்கிறேன். எத்தனை முறை நானே ஆங்கிலச் சொற்களை மட்டும் போட்டுத் தேடலைச் சோதித்துவிட்டு ‘ஓகே’ போட்டிருக்கிறேன் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

சரி, செயலிகள். பணம் அனுப்புவது, ரயில் டிக்கெட், டாக்சி பற்றியெல்லாம் சொல்ல என்னிடம் புதுசாக ஒன்றுமில்லை. எல்லோர் போனிலும் இருப்பதுதான்.

தட்டச்சுக்கு செல்லினம். மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கியது, பல வருஷமாக வைத்திருக்கிறேன். அதில் தமிழ்99 அமைப்பு. 1999இல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டை ஒட்டி தமிழக அரசு ஏற்றுக்கொண்ட விசைப்பலகை அது. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு தட்டு போதும், புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ‘பந்து’வுக்கு ப, ந, த, உ. பழக ஒரு வாரம் ஆகும், அந்த ஒரு வாரம் எரிச்சலாகத்தான் இருக்கும். ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழ்ச் சொல்லை ஊகித்துக் கொடுக்கும் விசைப்பலகைகள் வீட்டுப் பேச்சுக்கு ரொம்ப வசதி, நானும் வாட்ஸப்பில் அப்படித்தான் அடிக்கிறேன். ஆராய்ச்சிக் குறிப்புக்கு அது ஆகாது. ஊகம் என்பது அதிகம் புழங்கும் சொல்லின் பக்கம் சாயும். எனக்கு வேண்டியதோ யாரும் புழங்காத சொல். ‘கலிங்கு’ என்று எழுதிவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ‘கலங்கு’ என்று இருக்கும், ராத்திரி பதினொரு மணிக்கு அது கண்ணில் படாது.

அகராதிக்குச் செயலியே வைத்துக்கொள்வதில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, 1939இல் அனுபந்தம். அதைச் சிகாகோ பல்கலைக்கழகம் தன் தளத்தில் தேடும்படி வைத்திருக்கிறது. உலாவியிலிருந்து போனின் முகப்பில் ஒரு குறுக்குவழி போட்டுவிட்டால் தீர்ந்தது. நான் தினமும் அதிகமாகத் திறப்பது இதைத்தான். இது ‘ஆப்’ இல்லை என்பதால் எந்தப் பட்டியலிலும் வராது; என் பழைய பட்டியலிலும் வரவில்லை. பட்டியல் போடுகிறவர்கள் ஆப் ஸ்டோர் கதவுக்கு உள்ளே இருப்பதை மட்டும்தான் கருவி என்று எண்ணுகிறோம்.

நூல்களுக்கு இரண்டு இடம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் பழைய நூல்கள் பக்கப் படங்களாகக் கிடைக்கின்றன; மதுரைத் திட்டத்தில் எழுத்துகளாகக் கிடைக்கின்றன. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று தொடங்கியது மதுரைத் திட்டம். தன்னார்வலர்கள் உட்கார்ந்து தட்டச்சு செய்தது. படமாக இருக்கும் ஆயிரம் நூலைவிட எழுத்தாக இருக்கும் நூறு நூல் தேடுகிறவனுக்குப் பெரிசு. ஆனால் படத்தில் இருப்பதுதான் மூலம், சந்தேகம் வந்தால் அங்கேதான் போக வேண்டும். கோல் விஷயத்தில் நான் போகாமல் விட்டதும் அங்கேதான்.

படத்தை எழுத்தாக்கும் எழுத்துணரிகளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இன்றைய அச்சு நூல் என்றால் இலவசமாகக் கிடைப்பவையே பிரமாதமாக வேலை செய்கின்றன. தாராளமாக நம்பலாம். பழைய நூல் என்றால் நிலைமை வேறு. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணா, றா, னா, ணை, லை, ளை, னை போன்ற 13 எழுத்துகளுக்கு வேறு உருவம். தும்பிக்கை வைத்த லையை என் போனில் இருக்கும் எழுத்துணரி ஒரு நாள் லை என்கிறது, ஒரு நாள் வேறு எதுவோ என்கிறது. தமிழ் எண்கள் இன்னும் சிக்கல். ௧ என்பதை க என்றும், ௨ என்பதை உ என்றும், ௭ என்பதை எ என்றும் எடுத்துக்கொள்கிறது. மனுஷக் கண்ணே குழம்பும் இடம், அதனால் கருவியைக் குறை சொல்லவில்லை. ஆனால் நில அளவுக் குறிப்பில் எண் காணாமல் போனால் மிச்சம் என்ன இருக்கிறது? ஆகவே இப்போதெல்லாம் எழுத்துணரி கொடுத்ததை நான் குறிப்பு என்று சொல்வதில்லை, தேடுவதற்கான வரைவு என்றுதான் சொல்கிறேன். ஒவ்வொன்றின் கீழும் பக்கத்தின் படம் ஒட்டியிருக்கும்.

குறிப்பு எழுத இப்போது அப்சிடியன். முன்பு வைத்திருந்த செயலியின் பெயர் வேண்டாம். கோல் விவகாரத்துக்குப் பிறகு அதிலிருந்து எல்லாவற்றையும் வெளியே எடுக்கப் போனேன். எக்ஸ்போர்ட் பொத்தான் இருந்தது, வேலையும் செய்தது. வந்ததுதான் வயிற்றைக் கலக்கியது. படங்கள் எல்லாம் தனி ஃபோல்டரில், பெயருக்குப் பதில் நீளமான எண்களோடு. எழுதிய தேதி எல்லாக் குறிப்புக்கும் எக்ஸ்போர்ட் செய்த தேதி. எந்த மடைக்கல்லை எந்த ஊரில் எடுத்தேன் என்று படத்தை மட்டும் பார்த்துச் சொல்ல நான் அவ்வளவு ஞாபகசாலி இல்லை. நாற்பதுக்கும் மேற்பட்ட படங்கள் இன்னும் ‘ஊர் தெரியாதவை’ என்ற ஃபோல்டரில் கிடக்கின்றன.

அப்சிடியன் திறமூலம் இல்லை, அதனால் சில நண்பர்களுக்கு என் மேல் வருத்தம். எனக்கு அதைவிட முக்கியம், குறிப்புகள் சாதாரண எழுத்துக் கோப்புகளாக என் கையில் இருப்பது. வாரம் ஒரு முறை என் சின்ன நிரல் அந்தக் கோப்புகளின் மேல் ஓடி நார்மலைஸ் செய்துவிடும். செயலியைச் செய்தவர் அந்த ஒரு வரியை எழுதினாரா இல்லையா என்று நான் கவலைப்பட வேண்டியதில்லை. போனுக்கும் மடிக்கணினிக்கும் இடையே கோப்புகளைக் கொண்டுபோக சின்க்திங். அதன் அதிகாரபூர்வ ஆண்ட்ராய்ட் செயலி 2024 இறுதியோடு நின்றுவிட்டது, வேறொருவர் பராமரிக்கும் கிளையில் ஓட்டுகிறேன். திறமூலமும் சாகத்தான் செய்கிறது. ஆனால் அது செத்த அன்று என் கோப்புகளில் ஒன்றும் நடக்கவில்லை.

2013 ஜூலையில் கூகுள் ரீடர் போனது. 2019, 2020இல் யாஹூ குழுமங்கள் போயின. மரத்தடியும் ராயர் காபி கிளப்பும் இருந்த இடம் அது. 2020 ஜூன் 29 அன்று மத்திய அரசு தடைசெய்த 59 செயலிகளில் கேம்ஸ்கேனரும் ஒன்று. அதற்கு முந்தின வாரம் வரை எத்தனையோ பேர் சிபாரிசு செய்துகொண்டிருந்த செயலி. சிபாரிசு செய்தது தப்பில்லை, யாருக்கும் ஜோசியம் தெரியாது. உள்ளே போட்டதை எப்படி வெளியே எடுப்பது என்று கூடவே ஒரு வரி சொல்லியிருக்கலாம்.

ஒரு சின்ன விஷயம். களத்தில் எடுக்கும் படத்தை நண்பருக்கு வாட்ஸப்பில் அனுப்பினால் டாக்குமென்டாக அனுப்புங்க. சாதாரணப் படமாக அனுப்பினால் அது சுருங்கிவிடும், எடுத்த இடமும் நேரமும் படத்திலிருந்து போய்விடும்.

புதுச் செயலி எது வந்தாலும் இப்போது இரண்டு நிமிஷம் ஒதுக்குகிறேன். ‘கோல்’ என்பதை ஒரு குறிப்பில் ஒற்றைக் குறியாகவும், இன்னொன்றில் பிரித்த குறியாகவும், மூன்றாவதில் ‘ேகால்’ என்றும் போட்டுத் தேடுகிறேன். மூன்றும் கிடைக்கும் செயலி இதுவரை ஒன்றும் இல்லை. இரண்டு கிடைத்தால் வைத்துக்கொள்கிறேன். பிறகு எக்ஸ்போர்ட் செய்து, வந்த கோப்பைத் திறந்து தேதியைப் பார்க்கிறேன்.

கோல்கள் பற்றிய அந்தப் பழைய குறிப்பில் திருத்தம் போட்டாகிவிட்டது. 3 என்பதை 22 என்று மாற்றி, முடிவை அடித்து, தவறு எப்படி வந்தது என்றும் எழுதியிருக்கிறேன். ஆசிரியருக்குத் தகவல் சொன்னேன். “22ஆ? என் கணக்குல 24 வருதே” என்கிறார். அந்த இரண்டையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன், இந்த முறை புத்தகத்தில்.