கியாரோஸ்தமியின் ‘டென்’: சாலையைப் பார்க்காத கார்ப் படம்

அப்பாஸ் கியாரோஸ்தமியின் ‘டென்’ (2002) ஈரானியப் பெண்களைப் பற்றிய படம் என்றே பலரும் எழுதுகிறார்கள். சரிதான். ஆனா, தெஹ்ரான் நெரிசலில் கார் ஓட்டுவது பற்றிய படமும்கூட.

டேஷ்போர்டில் பொருத்திய கேமராக்கள் சாலைப் பக்கம் அநேகமாகத் திரும்புவதில்லை. முதல் காட்சியில் மகன் மட்டுமே தெரிகிறான். விவாகரத்தைச் சொல்லி அம்மாவிடம் கத்துகிறான். அவன் இறங்கிப் போன பிறகுதான் அவள் முகம் நமக்குத் தெரிகிறது. வீடா இருந்தா அவளும் எழுந்து வேறு அறைக்குப் போயிருக்கலாம். ஸ்டியரிங்கைப் பிடித்தவருக்கு அந்த வழி இல்லை. முகம் பார்த்துப் பதில் சொல்லவும் முடியாது. திட்டு வாங்கிக்கொண்டே கியர் மாற்ற வேண்டும்.

மற்ற பயணிகளோடு இந்த இறுக்கம் வரவில்லை. சிலர் கருத்துச் சொல்லவே ஏறியது போல இருக்கு. கடைசியில் மகன் மறுபடி ஏறி, பாட்டி வீட்டுக்குப் போகணும் என்கிறான். சரி என்று வண்டியை எடுக்கிறாள். படம் முடிந்துவிடுகிறது.