எமிலி என்னும் தாய்

நம் நாடக மேடையில் தாயென ஒருத்தி தோன்றினால், அவள் அழுவதற்கென்றே தோன்றுகிறாள். அரிச்சந்திர நாடகத்தின் மயான காண்டத்திலே, அரவந் தீண்டி மாண்ட லோகிதாசனை மடியிற் கிடத்திச் சந்திரமதி புலம்புவாள். கொட்டகை முழுதும் கண்ணீர் வடிக்கும். நல்லதங்காள் தன் ஏழு மக்களையும் தன் கையாலேயே கிணற்றில் தள்ளினாலும், பழியெல்லாம் மூளியலங்காரியின் தலையில் விழும். தாய் குற்றமற்றவள் என்பது நம் மேடையின் எழுதாச் சட்டம்.

இச்சட்டத்தை மீறிய நாடகமொன்று நம் அண்டை வீட்டாராகிய பாபா நோன்யா மக்களின் வாழ்விலிருந்து பிறந்தது. ஸ்டெல்லா கோன் அம்மையார் ஆங்கிலத்தில் எழுதிய ‘எமிலி ஆப் எமரால்டு ஹில்’ என்பதே அது. 1983-ல் சிங்கப்பூர் நாடகப் போட்டியிற் பரிசு பெற்ற இந்நாடகம், முதன்முதல் அரங்கேறியது 1984-ல் நமது சிரம்பானில். சின் சான் சூய் இயக்க, லியோ புவே டின் அம்மையார் நடித்தார். மறு ஆண்டு சிங்கப்பூரில் மார்கரெட் சான் அம்மையார் நடித்தார். பின்னாளில் ஐவன் ஹெங் என்னும் ஆடவரும் எமிலி வேடம் பூண்டார். ஸ்திரீ பார்ட்டுகளைக் கண்டு வளர்ந்த நமக்கு அது விந்தையன்று.

மேடையில் இருப்பவள் ஒருத்தியே. தந்தை மாண்டபின் தாயாற் கைவிடப்பட்டு, 14 வயதில் தன்னிலும் மிக மூத்தவனுக்கு வாழ்க்கைப்பட்ட எமிலி, மெல்ல மெல்ல அப்பெருங் குடும்பத்தின் ஆட்சியைக் கைப்பற்றுகிறாள். மீன்காரனை அதட்டுவதும், தொலைபேசியிற் குழைவதும், மக்களுக்கு ஊட்டி மகிழ்வதும் கண்டு சபையோர் சிரிக்கின்றனர். அச்சிரிப்பு பொய்யன்று; தாய்மையின் களிப்பை இவ்வளவு ருசியுடன் காட்டிய நாடகம் நம்மிடம் இல்லை.

ஆனால், மற்றெவரும் கண்ணுக்குத் தெரியார். அவர்கள் குரலும் கேளாது. சீமைக்குப் படிக்கப்போன மூத்த மகன் ரிச்சர்டு, சட்டப் படிப்பை விட்டுக் குதிரையேற்றத் தொழிலில் இறங்க விரும்புகிறான். தாய் இசையவில்லை. அவன் தன்னுயிரை மாய்த்துக் கொள்கிறான். அவன் பேச இந்நாடகத்தில் இடமேயில்லை என்பதை அப்பொழுதுதான் உணர்ந்து திடுக்கிடுகிறோம். ஒருத்தியே பேசுவதை நடிப்புத் திறனைக் காட்டும் உத்தியென்று புகழ்வாருண்டு. எமக்கோ அதுவே நாடகத்தின் குற்றப் பத்திரிகையாகப் படுகிறது. அன்பினால் நிறைந்த அப்பேச்சு, பிள்ளை மறுமொழி கூற ஒரு நொடியும் விடவில்லை. எனினும் எமிலியை வெறுக்க முடியவில்லை. தன்னைத் தாய் கைவிட்டாளே என்ற அச்சத்தினாலன்றோ தன் மக்களை இறுகப் பற்றினாள்!

குறையொன்றும் கூறவேண்டும். அம்மாளிகையின் ஏவலாளருக்கும் இந்நாடகத்தில் வாயில்லை. மகனின் ஊமைமை நம்மை உறுத்துவதுபோல் அவர்களுடைய ஊமைமை உறுத்தவில்லை. நாடகத்தின் இரக்கம் செல்வர் வீட்டுக் கதவுக்கு உள்ளேயே நின்றுவிடுகிறது.

நம் தோட்டங்களிலும் எமிலிகள் இருந்தனர். விடியுமுன் எழுந்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் பெரட்டுக்கு ஓடிய தாய், தன் மகன் கிராணியாக வேண்டுமென்று அடித்துப் படிக்கவைத்தாள். அவன் வேறெதை விரும்பினானென்று எவரும் கேட்டதில்லை. அவளைச் சந்திரமதியாக்கி அழவைக்காமல், அவளது களிப்பையும் பிழையையும் ஒருங்கே காட்ட நம் எழுத்தாளர் எவரேனும் துணிவாரா? ஏழு திரையும் வாண வேடிக்கையும் வேண்டாம். ஒரு நடிகையும், ஒரு மண்ணெண்ணெய் விளக்கும், ஒரு பால்வெட்டுக் கத்தியும் போதும்.